சித்திரையில் வாய் திறக்கும் சுவர்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கல்யாணசுந்தரி கரண்ட் ரீடிங் எடுக்க அந்தத் தெருவுக்கு வருவாள். கோவில்பட்டியில் தீப்பெட்டி முதலாளிகள் கட்டிய பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. முகப்பில் சுதை வேலைப்பாடும் கட்டிய வருசமும், ஜன்னல்களுக்கு மேலே பிறை வடிவத்தில் வண்ணக் கண்ணாடியும். ஆனால் மீட்டர்ப் பெட்டி எப்போதும் பக்கவாட்டுச் சந்தில்தான் இருக்கும். வெள்ளை அட்டையில் ரீடிங்கை எழுதிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

முகப்பில் இரண்டு சுதைக் கிளிகள் உட்கார்ந்திருக்கும் கிளி வீட்டில் மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பாள். மீட்டர்ப் பலகையை ஒட்டி ஒரு விரிசல் மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. பலகை விழுந்துவிடுமோ என்று பயந்து, முதல் தடவை அதன் அகலத்தைச் சுவரிலேயே கோடு போட்டு வைத்தாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு கோடு, பக்கத்தில் மாதமும் வருசமும்.

சித்திரையில் அவள் போனபோது சந்தில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன், அவர் மனைவி சுகுணா, மதுரையிலிருந்து வந்த என்ஜினீயர் ஹரிஹரசுதன். விரிசலுக்குள் என்ஜினீயரின் சுண்டுவிரல் நுழைந்தது.

"அஸ்திவாரம் போயிருச்சு சார். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுறதுதான் நல்லது" என்றார்.

சுகுணா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணசுந்தரிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. இது சித்திரையில வாயத் தொறக்கும், மார்கழியில மூடிக்கிடும். அஞ்சு வருசமாப் பாக்குதேன்."

"நீ ரீடிங் எடுக்க வாரியா, வீட்டுக்கு ஜாதகம் எழுத வாரியா?" நவநீதகிருஷ்ணனுக்கு எரிச்சல்.

"எனக்கு ஊரு பசுவந்தனை அண்ணாச்சி. எங்க கரிசக்காட்டுல கோடையில கால் போற அளவுக்கு வெடிப்பு விழும். மழை பெஞ்சா மண்ணு ஊறி ஒட்டிக்கிடும். இந்த வீடும் அதே மண்ணு மேலதான நிக்குது? இங்கன பாருங்க."

பலகைக்குக் கீழே முப்பது பென்சில் கோடுகள் இருந்தன. ஹரிஹரசுதன் குனிந்து பார்த்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். முதல் வருசச் சித்திரைக்கும் போன வருசச் சித்திரைக்கும் நூல் அளவுகூட வித்தியாசமில்லை. அவர் முகம் மாறியது.

"யாரும்மா உங்களை இதைக் குறிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். மொதல்ல பலக விழுந்துருமோன்னு பயம். பெறகு கிளி ரெண்டும் விழுந்துரக் கூடாதேன்னு ஒரு இதுதான்."

மழைக்காலம் முடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. கார்த்திகை அடைமழைக்குப் பிறகு என்ஜினீயர் மறுபடி வந்தபோது, விரிசலுக்குள் ஒரு தபால் அட்டைகூடப் போகவில்லை. பின்கட்டை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அங்கே குழாய்க் கசிவால் தரையே இறங்கியிருந்தது, அதை இடித்தார்கள். முன்வீடு நின்றது. சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுத்தார்கள்.

மார்கழிக் கடைசியில் அவள் ரீடிங் எடுக்க வந்தபோது நவநீதகிருஷ்ணன் வாசலிலேயே மறித்தார். "பெறகு சந்துக்குப் போகலாம். உள்ள வாம்மா."

"செருப்பெல்லாம் சகதி அண்ணாச்சி."

"அதான் வெளிய விட்டுட்டு வாயேன்" என்று சுகுணா அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள்.

மாடிக் கூடத்துத் தரையில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வெயில் விழுந்து கிடந்தது. கல்யாணசுந்தரி மிதிக்கத் தயங்கி ஓரமாகவே நடந்தாள். பிறகு துணிந்து ஒரு பச்சைக் கட்டத்துக்குள் காலை வைத்தாள். பாதம் பச்சையாயிற்று.

"இம்புட்டு நாளும் இந்த வீட்டு விலாவத்தான் பாத்திருக்கேன் மதினி" என்றாள்.

"காப்பி ஆறுது, உக்காரு" என்றாள் சுகுணா. கல்யாணசுந்தரி உட்காரவில்லை. டம்ளரோடு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டாள்.