கோச் கழற்றிய ஏழு ஜெர்சிகள்

என் அக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். பதினெட்டு வருடமாக எங்கள் கால்பந்து கிளப்பில் ஜெர்சிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஆட்டத்தன்று காலையில் கொக்கிகளில் மாட்டியது அவள்தான். நான் அந்த அணியின் பஸ் டிரைவர். யார் ஆடப்போகிறார்கள் என்பதை வீரர்கள் கொக்கியைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

போன வருடம் எங்கள் கிளப்பை விற்றார்கள். வாங்கியவர் இதே லீக்கில் இன்னொரு கிளப்புக்கும் முதலாளி. ஒருவர் இரண்டு கிளப் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே என்றால், எங்களுடையது அவர் மச்சான் பெயரில் இருக்கிறதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

கடைசி ஆட்டம் இந்த இரண்டு கிளப்புக்கும் நடுவில் அமைந்தது. அவர்கள் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. எங்களுக்கு டிரா போதும். தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போவோம், அங்கே ஜெர்சிக்கென்று தனி ஆள் கிடையாது.

முதல் நாள் மாலை கோச் பட்டியலைக் கொடுத்தார். முக்கியமான ஏழு பேர் அதில் இல்லை.

"ஏழு பேருக்குமா அடிபட்டிருக்கு சார்?" என்று அக்கா கேட்டாள்.

"ஓய்வு குடுக்கறோம்மா. மேலிடத்து உத்தரவு."

"நாளைக்கு அப்புறம் ரெண்டு மாசம் லீவுதானே சார். அப்ப எடுக்கட்டுமே ஓய்வு."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவள் வழக்கமான பதினொன்றையும் மாட்டினாள்.

"பைத்தியமாக்கா உனக்கு? வேலை போயிடும்."

"தோத்தாலும் போகத்தான்டா போகுது. நீ போய் பெட்டிய இறக்கு."

வீரர்கள் வந்தார்கள், ஜெர்சியைப் பார்த்தார்கள், பூட்ஸ் மாட்டத் தொடங்கினார்கள். பின்னால் வந்த கோச்சுக்கு முகம் செத்துவிட்டது.

"அந்த ஏழையும் கழட்டுங்கம்மா."

"மாட்டினத கழட்டி எனக்குப் பழக்கமில்ல சார். நீங்களே கழட்டுங்க. எதுக்குன்னும் இவங்ககிட்ட சொல்லிடுங்க."

அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஏழையும் கழற்றினார். நான்கு கோல் வாங்கித் தோற்றோம். திங்கட்கிழமையே அக்காவை வரவேண்டாம் என்றார்கள்.

அந்த ஆட்டத்தைப் பற்றி லீக் அலுவலகத்தில் விசாரணை என்று ஒரு கூத்து நடந்தது. அக்கா போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"உங்களுக்கு ஃபுட்பால் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்தவர். பதினெட்டு வருடம் அந்த வியர்வையைத் துவைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

"ரெண்டு பக்கமும் ஜெயிக்கத்தான் ஆடணும்னு தெரியும் சார்" என்றாள்.

அதை எழுதிக்கொள்ள ஒருவனும் பேனாவை எடுக்கவில்லை.