உரக்கறை என்று சொன்னேன்

அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடச் சொன்னது அவர்தான். உத்திரமேரூருக்கு வெளியே, தங்கள் குடும்பத்தின் பழைய நெல் குடோனில் செடி வளர்த்து வந்தார். சென்னையில் ஆபீஸ் வாசல்களில் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அந்த மாதிரிப் பெரிய இலைச் செடிகள். மண்ணே கிடையாது. மூடி போட்ட கறுப்புத் தொட்டியில் உரம் கலந்த தண்ணீர் இருக்கும். மூடியின் ஓட்டையில் செடி உட்கார்ந்திருக்க, வேர் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கும். மீன் தொட்டியில் இருப்பதுபோல ஒரு மோட்டார் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும்.

மானாம்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது நடவும் களையெடுப்பும்தான். மூன்று வருடத்தில், வேரைப் பார்த்தே செடிக்கு என்ன குறை என்று சொல்லப் பழகிவிட்டேன். அக்கா உரத்தை அளந்து கலந்துவிட்டுப் போய்விடுவார். மீதியெல்லாம் என் கை. வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே தொட்டித் தண்ணீர் சுடும். சுட்ட தண்ணீரில் காற்று தங்காது, வேர் அழுகும். அதனால் மதியத்துக்கு முன்பே, குடோன் மூலையிலிருந்த பழைய ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து, தொட்டிக்கு ஒன்றாக இறக்குவேன். யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நேரத்தில் அக்கா குடோன் பக்கம் வரமாட்டார் என்பதால் அவருக்கு இது தெரியவே தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம், செடி ஏற்ற வந்த வேன் டிரைவரும் இரண்டு லோடுமேன்களும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா என் பையை வாங்கித் தரையில் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ் உருண்டது. கூடவே மான்ஸ்டிரா என்கிற பெரிய இலைச் செடியின் இரண்டு இலை வைத்த துண்டு ஒன்று விழுந்தது. குப்பையில் போடச் சொல்லி காலையில் அவரே வெட்டிக் கொடுத்தது.

"நீங்கதானேக்கா குப்பைல போட சொன்னீங்க."

"போட சொன்னேன். எடுத்துக்கினு போவ சொன்னேனா?" என்றார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "இவங்க கைய நம்பவே முடியாது" என்றார்.

இவள் கையை என்று சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேனோ என்னவோ. இவங்க கை என்றார். அதில் என் அம்மாவும் இருந்தாள், எங்கள் தெருவே இருந்தது. பையைப் பொறுக்கிக்கொண்டு வந்தவள், மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

மறுபடியும் களையெடுக்கப் போனேன். குனிந்து நிமிரும்போதெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் போதவில்லை.

அடுத்த சித்திரையில் அதே டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செடியெல்லாம் வாடுகிறது, அக்கா கூப்பிடுகிறார் என்றார். போகாதே என்றார் என் வீட்டுக்காரர். நான் போனேன்.

மூடியைத் தூக்கியதும் சாக்கடை நாற்றம் வந்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய வேர் பழுப்பேறி, தொட்டால் கையில் கொழகொழவென்று ஒட்டியது. ஃப்ரிட்ஜ் பிளக் பிடுங்கிக் கிடந்தது. அழுகலை வெட்டி, தொட்டியைக் கழுவி, தண்ணீரை மாற்றி, பாட்டில் இறக்கினால் முக்கால்வாசி பிழைக்கும் என்று எனக்குத் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இரண்டு இலையிலிருந்து வளர்த்து, இப்போது கூரையைத் தொட நின்ற செடியும் அதில் இருந்தது. அதை மட்டும் பார்க்காமல் இருந்தேன்.

"இன்னா ஆச்சு பாரு. நீ சொன்னா சரியா இருக்கும்" என்றார் அக்கா.

"உரக்கறைக்கா. வெய்ய காலத்துல வேர்ல படியும். பயப்படாதீங்க, கையே வெக்காதீங்க. தானா சரியாயிடும்."

"நாத்தம் அடிக்குதே?"

"அதுவும் உரந்தான்."

அவர் முகம் தெளிந்தது. உள்ளே கூட்டிப் போய், அவர்கள் குடிக்கும் கப்பில் எனக்குக் காபி கொடுத்தார். மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தும் அதுதான் முதல் தடவை. நிதானமாகக் குடித்தேன். திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்; வயல் வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன் என்றேன்.

பத்துப் பதினைந்து நாளில் கிட்டத்தட்ட எல்லாம் சாய்ந்துவிட்டன. குடோனுக்குப் பின்னால் செடிகளைக் குவித்துவிட்டு, அக்கா கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்து அழுததை டிரைவர் சொன்னார். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். உயரமான செடியைப் பற்றியும் விசாரித்தேன். முதலில் சாய்ந்தது அதுதானாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது அந்தச் செடிக்காக, அவருக்காக இல்லை.

ஆடியில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அக்கா என்னைப் பார்த்து நின்றார்.

"மனசு கேக்காம ரெண்டு தொட்டிக்கு மட்டும் தண்ணி மாத்தினேன்" என்றார். "அந்த ரெண்டுதான் பொழச்சிது." என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "அன்னிக்கே தெரியும்."

மானாம்பதி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பும்வரை அவர் அங்கேயே நின்றார். நானும் முகத்தைத் திருப்பாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.