குடிங்க, ஆச்சு

"குடிங்க மாமா. வந்த காரியம் ஆச்சு" என்று முன்தர் சொல்லிவிட்டார். காரியம் என்னவென்று அதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவர் எப்போதும் அப்படித்தான். ஜோர்டானில், எங்கள் அம்மான் நகரில், வந்தவர் காப்பிக் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். 'குடிங்க' என்று சொல்லிவிட்டால் கேட்டதைச் செய்வதாக வாக்குக் கொடுத்ததாகும். மற்றவர்கள் விஷயத்தைக் கேட்ட பிறகுதான் அதைச் சொல்வார்கள். முன்தர் கேட்கமாட்டார். "கேட்டுட்டுச் சரின்னு சொன்னா அது வியாபாரம்" என்பார்.

வியாபாரம்தான் அவர் வேலை. கடைகளின் விற்பனை விவரத்தை அலசி, எது எங்கே ஓடும், எது தேங்கும் என்று காட்டும் மென்பொருளை எங்கள் நிறுவனம் விற்கிறது. முன்தர் கணினியை ஒற்றை விரலால்தான் தட்டுவார். விற்பனை வரைபடத்தில் சரியும் கோட்டுக்கு அவர் வைத்த பெயர் வயிற்றுப்போக்கு. மேல்கோட்டுப் பையில் எந்நேரமும் பூசணி விதை. துக்க வீடு ஒன்றையும் விடமாட்டார். "படம் பாக்க நீ இருக்கே ரவான், முகம் பாக்க நான்" என்பார் என்னிடம்.

அன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் அபூ ஃபவ்வாஸ், பக்கத்து ஊரான ஸர்காவில் பால் நிறுவனம் வைத்திருப்பவர். முன்தரின் மனைவிக்கு மாமன். பெண் வீட்டு ஆளாக இருந்தும் முன்தருக்காகப் பெண் கேட்டுப் போனபோது முன்னால் நடந்தவர். கூடவே இரண்டு பெரியவர்கள். அபூ ஃபவ்வாஸ் கிண்ணத்தை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"ரம்தா ஊர்ப் பால்காரனும் உங்க மென்பொருள்தானே வச்சிருக்கான்? எந்தக் கடைக்கு என்ன விலைக்குப் போடறான்னு திறந்து காட்டு மாப்ளே. என்னைக் கொல்றான் அவன்."

இரண்டு பேரின் விவரமும் எங்களிடம்தான் இருந்தது. நடுவில் இருந்த சுவர் முன்தரின் கடவுச்சொல்.

முன்தர் நாற்காலி நுனிக்கு வந்தார். "வேற எது வேணாலும் கேளுங்க மாமா. என் காரைக் கேளுங்க."

"அதைத் தள்ளறதுக்கு இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரணுமே." பெரியவர்கள் சிரித்தார்கள். அபூ ஃபவ்வாஸ் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். "குடிச்சாச்சு."

காட்டினால் ரம்தாக்காரனை விற்றதாகும். காட்டாவிட்டால் இனி எந்த வீட்டிலும் முன்தரின் சொல்லுக்கு மதிப்பில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "ரவான், நான் உள்ள நுழையற கணக்கை எடுத்துடு. இப்பவே. அடியோட."

கணக்குகளைத் திறப்பதும் எடுப்பதும் என் வேலை. ஆனாலும் தயங்கினேன்.

"எடுங்கறேன் பொண்ணே!"

எடுத்தேன். அவர் மாமனுக்கு முன்னால் கடவுச்சொல்லைத் தட்டினார். திரை மறுத்தது. மறுபடி தட்டினார்.

"பாத்தீங்களா? சொன்னது சொன்னதுதான் மாமா. இது என்னைக்குத் திறக்குதோ அன்னைக்குக் காட்டறேன்."

சிரித்த வாயை யாரும் மூடக்கூட இல்லை. அபூ ஃபவ்வாஸ் எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "பைத்தியக்காரா, அது உனக்குச் சோறு போடற கதவுடா."

மறுநாள் முன்தர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். மேலாளர் அவர் முதுகில் தட்டினார். விவரம் வெளியே போகவில்லை, அது போதும் என்றார். கணக்கைத் திரும்பத் திறக்கும்படி என்னிடம் சொன்னார்.

"திறந்தா நான் காட்டியாகணும் சார்" என்றார் முன்தர்.

"திறக்கலைன்னா உனக்கு இங்க என்ன வேலை?"

நான் முன்தரின் பெயரைத் தட்ட ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து என் விசைப்பலகையின் மேல் வைத்தார்.