நிழலுக்கு நகர்த்திய வீணை

அந்த ஜப்பான் படக்கதையை அவளுக்குக் காட்டியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கல்லூரி போகும் ரயிலில், என் செல்போனில் நானும் என் வகுப்புத் தோழியான அவளும் தலையை ஒட்டிக்கொண்டு படிப்போம். 'மாங்கா' எனப்படும் அந்தப் படக்கதையை வலப்பக்கமிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஒரு பள்ளிக்கூடம், அதில் மூடப்போகும் ஒரு பாரம்பரிய இசைக் குழு, அதை வாசித்தே காப்பாற்றும் ஐந்தாறு பிள்ளைகள். வாத்தியத்துக்குக் கோட்டோ என்று பெயர். ஆள் நீளத்துக்கு இருக்கும். அதை யாரும் தனியாகத் தூக்க மாட்டார்கள். ஒரு முனையை ஒருவர், மறுமுனையை இன்னொருவர்.

நான் படித்த பள்ளியிலும் கால அட்டவணையில் பாட்டு வகுப்பு இருந்தது. வாராவாரம் கணக்கு வாத்தியார் வந்து அதை எடுத்துக்கொள்வார். ஆக, அந்த ஜப்பான் பிள்ளைகள் மேலேயே எனக்குப் பொறாமை. திண்டிவனத்தில் ஒரு டீச்சரிடம் வீணை கற்கச் சேர்ந்தேன். தனியாகப் போக வெட்கப்பட்டு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் ஒரு மாதம் மல்லுக்கட்டிய வர்ணத்தை அவள் பத்து நாளில் வாசித்தாள். கிளியனூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. எனக்கோ நுனியெல்லாம் கொப்புளம். "அவ கைய பாரு, எப்படி நிக்குது பாரு" என்று டீச்சர் என்னிடமே சொல்வார். விழுப்புரத்தில் நடக்கும் எங்கள் வீணை வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சியில் ஒருத்திதான் தனியாக வாசிக்கலாம். டீச்சர் அவளைச் சொன்னார். எனக்குக் கும்பலோடு கும்பலாக ஓர் இடம்.

சித்திரை வெயில். காலையில் படக்கதையில் வருவதுபோலவே முனைக்கு ஒருவராகப் பிடித்து, முதலில் என் வீணையை, பிறகு அவள் வீணையைப் பேருந்தில் ஏற்றினோம். மண்டபத்துத் தாழ்வாரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவள் முன்னால் போனாள். நான் திரும்பிப் பார்த்தபோது வெயில் தரையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வீணையில் விரல் வைக்கும் பித்தளை மெட்டுகள் கறுப்பு மெழுகில்தான் பதிந்திருக்கும். வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், சுருதி போய்விடும். முதல் நாளே டீச்சர் சொன்ன பாடம் அது. என் வீணையைத் தூக்கி உள்ளே நிழலில் வைத்தேன். அவளுடையதைத் தொடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மேடையில் முதல் வரியிலேயே இரண்டு ஸ்வரங்கள் இறங்கி ஒலித்தன. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவள் நிறுத்தவில்லை. இறங்கிய இடத்திலெல்லாம் தந்தியை இழுத்து இழுத்துச் சுருதியை ஏற்றிப் பிடித்தாள். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டியபோது நான் என் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பேருந்து நிலையத்தில் அவள் விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "வெயில்ல வெச்சிட்டேன்னு டீச்சர் திட்டினாங்களா?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன்.

"இல்ல" என்றாள். "நீ உன் வீணைய உள்ள எடுத்துக்கினு போனத பாத்தேன்டி. என்னுதையும் சேத்து எடுத்து வெப்பேன்னு நெனச்சிக்கினு, பந்தியில உனக்கு எடம் புடிக்கப் போயிட்டேன்."

பேருந்து வந்தது. அவள் வீணையின் ஒரு முனையைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"வேணாம், நானே தூக்கிக்கிறேன்" என்றாள்.