எங்கள் வீட்டு ஓசி ஆன்டிவைரஸ்

காசு கொடுத்து வாங்கும் எதன் மீதும் என் கணவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. சும்மா கிடைப்பது பக்கத்திலேயே இருக்கும்போது அதற்கு ஏன் காசு என்பார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் போடுவது என்று எங்களுக்குள் நடந்த சண்டை வருடக்கணக்கில் நீண்டது. நான் விழுப்புரத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கே காசு கொடுத்து வாங்கியதைத்தான் போடுவார்கள். அதைச் சொன்னால் போதும், "அது கவர்மென்ட் துட்டு, வாங்குவாங்க. நம்ம வூட்ல இன்னா ராணுவ ரகசியமா கீது? ஓசியிலயே நல்லா ஓடிக்கினு கீது, வுடு" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஓசி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் சும்மா இருக்காது. திரையின் வலது மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி எழும்பும். உங்கள் பாதுகாப்பு போதாது, ஆபத்து, பணம் கட்டி முழுசாக வாங்குங்கள் என்று கத்தும். காலையில் ஒரு தடவை, அணைக்கப் போகும்போது ஒரு தடவை. முதலில் பயந்து படித்தோம். பிறகு படிக்காமலே மூடப் பழகினோம். எங்கள் மகள் எழுத்துக்கூட்டத் தெரிவதற்கு முன்பே அந்தப் பெட்டியை மூடக் கற்றுக்கொண்டாள். அவர் பூரித்துப்போய் அதையும் வீடியோ எடுத்தார்.

வீடியோ எடுப்பதில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். திண்டிவனத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கையில் போன்தான். மகள் தவழ்ந்தது, விழுந்தது, என்னிடம் அடி வாங்கி அழுதது எல்லாம் எடுப்பார். போனில் இடம் போதாது என்று அவ்வப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனைக் காலி செய்துவிடுவார். எந்த வீடியோவிலும் அவர் முகம் கிடையாது. பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். "பாப்பா, இங்க பாரு. உங்கம்மாவ வுடு, அது எப்பவும் மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீது. நீ அப்பாவ பாரு."

ஒரு நாள் மண்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் பந்தலுக்கு முன்பே பேனருக்கு ஆள் ஓடும். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி நிற்காவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்று பேசுவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக அடித்தால் முகம் கலங்கிவிடும், அதனால் ஃப்ளெக்ஸ் கடையில் பென்டிரைவில்தான் கேட்பார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் கிடந்த, வளவனூர்க் கல்யாணம் ஒன்றில் எடுத்த குரூப் போட்டோவில் அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்து, பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடியவர் என் கொழுந்தனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னொரு பேனர், அதற்கு வேறு போட்டோ வேண்டும் என்றார்கள். கடைக்குப் போய் வந்த அதே பென்டிரைவைக் கொழுந்தனார் மறுபடியும் எங்கள் கம்ப்யூட்டரில் செருகினார். ஊரில் செத்தவர்களின் பென்டிரைவ்கள் எல்லாம் அந்தக் கடையின் ஒரே கம்ப்யூட்டரில்தான் ஏறி இறங்குகின்றன. மூலையில் பெட்டி எழும்பியது. "இது ஒண்ணு பேஜாரு, எப்பப் பாரு துட்டு கேட்டுக்கினு" என்று மூடினார். மறுபடியும் எழும்பியது. எதையோ தட்டினார், அது போய்விட்டது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு மகள் வந்து, "அப்பா பேசுறத போடும்மா" என்றாள். ஒன்றும் திறக்கவில்லை. எல்லா வீடியோக்களின் பெயருக்குப் பின்னாலும் என்னவோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பணம் கொடுத்தால் பூட்டைத் திறப்பதாக ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது அழுததைவிட அன்றைக்கு அதிகம் அழுதேன்.

கம்ப்யூட்டர் பெட்டியைப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் விழுப்புரம் போனேன். ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்தையும் பூட்டிட்டு போயிட்டான்க்கா. துட்டு குடுத்தாலும் தொறந்து வுடுவான்னு சொல்ல முடியாது."

"காசு குடுத்து வாங்கினத போட்டிருந்தா தப்பிச்சிருக்குமா?"

ஆமாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. இவ்வளவு துக்கத்துக்கும் நடுவில் என் கணவர் மேல் கொஞ்சம் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைக்கும். கடைக்காரர் உள்ளே போய் என்னவோ தேடிப் பார்த்தார்.

"ஓசி மேல தப்பு இல்லக்கா. அது கரெக்டா புடிச்சிக்கீது. ரெண்டு தபா சொல்லிக்கீது. யாரோ பரவால்லன்னு அமுக்கிட்டாங்க."

புது டிஸ்க் மாட்டினார். இதற்கு எதைப் போடட்டும் என்று கேட்டார். காசு கொடுத்து வாங்கியதையே போடச் சொன்னேன். அத்தனை வருடச் சண்டையில் ஒருவழியாக நான் ஜெயித்தேன். இந்த ஆன்டிவைரஸ் மூச்சு விடுவதில்லை. காப்பாற்றுவதற்குக் கம்ப்யூட்டருக்குள் ஒன்றும் இல்லை.

முதல் வருடத் திதிக்குக் கொழுந்தனார் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணி, அண்ணன் பேசற வீடியோ ஒண்ணு என் போன்ல போட்டுக் குடுங்களேன். கொரல கேக்கணும் போல கீது."

"வைரஸ் வந்து எல்லாம் போயிடுச்சு தம்பி."

கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு உடைந்துவிட்டார். "நீங்க தலபாடா அடிச்சிக்கினீங்களே அண்ணி, காசு குடுத்து நல்லதா வாங்கலாம்னு. அந்த மனுஷன் கேட்டாரா? ஓசி, ஓசின்னு எல்லாத்தையும் தொலச்சிட்டு போயிட்டாரே."

மகன் இல்லாத வீட்டில் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். அந்தக் கையால் அன்றைக்கு எதை அமுக்கினார் என்று சொன்னால் அவர் தாங்கமாட்டார். நான் சொல்லவில்லை.

எங்கள் பேச்சைக் கேட்டு மகள் உள்ளேயிருந்து வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"அப்பாவாலதான் எல்லாம் போச்சாம்மா?"

எதிரில் கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா பாப்பா" என்றேன்.