தாய்மாமன் மாலை

என் மாமா பாளையங்கோட்டையில் வக்கீல். பாகப்பிரிவினை வழக்குகளில் பெயர் எடுத்தவர். அண்ணன் தம்பியிடமிருந்து பங்கு வாங்கித் தரச் சொல்லி, ராதாபுரத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்து அவர் வீட்டு வாசலில் காத்திருப்பார்கள். வாங்கியும் தந்திருக்கிறார்.

தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். ஆற்றங்கரைத் தெருவில் ஒரே வீடு. வாரிசு மாமாவும் என் அம்மாவும்தான். சட்டப்படி ஆளுக்குப் பாதி. நான் சிவில் இன்ஜினீயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை அளந்து, நடுவில் கோடு போட்டு வரைபடம் தயாரித்தேன். தெருப் பக்கம் மாமாவுக்கு. ஆற்றுப் பக்கம் அம்மாவுக்கு: அடுக்களை, கிணறு, நார்த்தை மரம், படித்துறைக்கு இறங்கும் பின்வாசல்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிணறு நமக்கா வருது?"

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு மடித்து என்னிடமே தந்துவிட்டாள்.

"பங்கு கேட்டா அண்ணன் உன் கல்யாணத்துக்கு வரமாட்டான்ட்டி. தாய்மாமன் மாலை போடாம மணையில உக்காருவியா?"

"உக்காருவேன்."

"நீ உக்காருவே. பாக்குதவங்க என்னையல்லா கேப்பாங்க."

பங்கு கேட்காத தங்கைக்குத்தான் பிறந்த வீடு. சட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் எங்கள் ஊரில் இந்த விதியை யாரும் திருத்தியதில்லை.

பதிவு அலுவலகத்துக்கு அம்மாவோடு நானும் போனேன். 'முழு மனதுடன் விட்டுக்கொடுக்கிறேன்' என்று பத்திர எழுத்தர் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

"அண்ணாச்சி தங்கச்சியா? பொறவென்ன, தகராறே இருக்காது."

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மாமாவே விரல் வைத்துக் காட்டினார்.

"உங்க கட்சிக்காரங்களுக்கும் இப்படித்தான் காட்டுவீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"அது கோர்ட்டு. இது குடும்பம்ட்டி."

என் கல்யாணத்துக்குள் அவர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் இடித்தார்கள். கிணற்றை, இடித்த செங்கலைப் போட்டே மூடினார்கள்.

கல்யாணத்துக்கு மாமா முதல் ஆளாக வந்தார். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம்" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிக்கொண்டே மாலையை விரித்தார். விலகிவிடலாம் என்று நினைத்தேன். எதிரே அம்மா நின்றாள். எல்லோரும் பார்க்கிறார்களா என்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்தேன்.