ரோலில் மிச்சமிருந்த மூன்று படங்கள்

கேமராவின் நைலான் கயிறு வியர்வையில் நனைந்து கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. கச்சேரி ரோட்டில் கடலை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். சாயங்கால வெயில் முதுகில் அடிக்க, என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அன்று காலைதான் அசோக் நகரில் அக்கா வீட்டை விட்டு வெளியேறியிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்று, லேத்துப் பட்டறை, ஜெராக்ஸ் கடை என்று எதிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை அக்கா புருஷன் திட்டவில்லை. "இனிமே படுக்கிற எடத்த நீயே பாத்துக்கப்பா" என்று மட்டும் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. ஒற்றை அறை வீட்டில் மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. எனக்கு உடனே வேண்டியிருந்தது தங்க இடத்தோடு ஒரு வேலை. மயிலாப்பூரில் ஒரு ஸ்டுடியோ வாசலில் 'ஆள் தேவை' அட்டை தொங்கியது. மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி, வேலைக்குத் தேறினால்.

தொண்ணூறுகளில் வீட்டு விசேஷத்தைச் சின்னக் கேமராவில் எடுப்பவர்கள், ரோலைக் கழற்றினால் வெளிச்சம் பட்டுவிடும் என்று பயந்து, கேமராவையே ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மிச்சமிருக்கும் படங்களை ஸ்டுடியோக்காரர் சுவரையோ சாலையையோ எடுத்துத் தீர்த்துவிட்டுக் கழுவ அனுப்புவார். அப்படி ஒரு காதுகுத்து விசேஷத்திலிருந்து வந்திருந்த கேமராவைத்தான் முதலாளி என் கையில் கொடுத்தார். அதில் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. அவருக்குப் பின்னால் ஆள் உயரப் படுதா ஒன்று, அதில் கடலுக்குள் பாதி மூழ்கிய சிவப்புச் சூரியன், இரண்டு தென்னை. அந்தப் பக்கத்துக் கல்யாண ஜோடிகள் பலரும் அதன் முன்னால் நின்றவர்கள்தான்.

"இது கிழிஞ்சிபோச்சி நைனா. புதுசு வரையறதுக்கு அசல் போட்டோ வோணும். பீச்சுக்குப் போயி, சூரியன் கடல்ல எறங்கசொல்ல எடுத்துக்கினு வா. மூணு படம் கீது. ஒண்ணு தேறுனாலும் வேலை உனுக்குத்தான்."

ஈடாக என் துணிப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

நொச்சிக்குப்பத்து மணலில், ஒரு படகின் பக்கத்தில், கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். அசோக் நகர்க்காரனுக்குக் கடல் எப்போதோ ஒரு விடுமுறை நாள் சமாச்சாரம். ரோட்டோரத்தில் விற்றது போக மீந்த மீனைக் கூடையில் வைத்திருந்த ஒரு அம்மாள் வெகுநேரம் என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, கடலையே மொறச்சிக்கினு கீற? யாரு மேல கோவம்?"

"கடல்ல சூரியன் எறங்கும்ல அக்கா, மொதலாளிக்குப் படம் எடுக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள். "தோ பாரு மாமா, இந்தப் புள்ள சூரியனுக்காகக் காத்துக்கினு கீது. அது அவன் பின்னால எறங்கிக்கினு கீது, யாராவது சொல்லுங்களேன்."

திரும்பிப் பார்த்தேன். அடுக்குக் குடியிருப்புக் கட்டடங்களுக்கு மேலே, டிவி ஆன்டெனாக்களுக்கும் காயப்போட்ட புடவைகளுக்கும் நடுவில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாளே வழியும் சொன்னாள். "காலையில வா, இங்கியே ஏறும். ஏறுறதும் எறங்குறதும் போட்டோல ஒண்ணுதான். உன் மொதலாளிக்கு இன்னா தெரியப்போவுது?"

நல்ல யோசனை. மூன்று படத்தையும் பத்திரமாக வைத்திருந்து விடியலில் எடுத்திருந்தால் மாடிப்படிக்கு அடியில் எனக்கு இடம் கிடைத்திருக்கும். ஆனால் வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு புடவை சிவப்பாகி, பிறகு கறுப்பாயிற்று. ஒன்று எடுத்தேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைச் சூரியன் தொட்டது, இன்னொன்று. அது முழுக்க மறைந்தபின் கட்டடங்களுக்கு மேல் ஆரஞ்சுக் கோடாக நின்ற வானத்தை மூன்றாவது. கேமரா தானாகவே கரகரவென்று ரோலைச் சுற்றிக்கொண்டு ஓய்ந்தது.

கடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்தேன். சூரியன் கடலில் இறங்கவில்லை, மேற்கேதான் இறங்குகிறது, அதைத்தான் எடுத்தேன் என்றேன். முதலாளி படுதாவைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

"அதெல்லாம் கரெக்ட்டு நைனா. ஆனா பொடவ காயற மாடிக்கு முன்னாடி எந்தப் பொண்ணு மாலையோட நிப்பா?"

கேமராவைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவர் என் பையை எடுத்து நீட்டினார். அன்று ராத்திரி திரும்பிப் போய் அந்த மணலிலேயே படுத்தேன்.

பிரிண்டுகளை நான் பார்க்கவேயில்லை. முழு ரோலையும் கழுவி அந்தக் குடும்பத்திடம் கொடுத்திருப்பார்கள்; மொட்டையடித்து அழும் ஏதோ ஒரு குழந்தையின் ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தில் அவை இருக்கலாம், எங்கே எடுத்தது என்று யாருக்கும் தெரியாமல். இப்போது மிச்சப் படம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ரோட்டோர மீன்கடைகள் சந்தைக் கட்டடத்துக்குள் போய்விட்டன. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

அன்று மணலில் படுத்தவனை மறுநாள் விடிந்ததும் மீன்கார அம்மாள் எழுப்பி, குப்பத்துக்கு ஐஸ் கொண்டுவரும் ட்ரைசைக்கிள்காரரிடம் கூட்டிக்கொண்டு போனாள். "போட்டோ புடிக்கிற புள்ள. படுக்க எடம் இல்ல" என்றாள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐஸ் ஒடைப்பியா? ஷெட்டுல படுத்துக்கலாம். குளிரும்."

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு, வண்டியிலிருந்த முதல் ஐஸ் கட்டியை ஈரச்சாக்கோடு தோளில் தூக்கினேன்.